குழியில் நெல் குறைகிறது

உத்திரமேரூர்
3 ஜூன் 2024

அன்பு மைத்துனன் ஸ்ரீகாந்துக்கு,

என் பெயர் செந்தமிழன். உத்திரமேரூர் – சாலவாக்கம் சாலையிலுள்ள கிருஷ்ணசாமி அரிசி ஆலையின் மேலாளர். ஆலைக்குள் ஒலிப்பதிவு செய்ய நீ கேட்டிருக்கும் அனுமதி குறித்து முறையாகப் பதிலளிப்பதே இக்கடிதத்தின் நோக்கம். உன் அக்காளை மணந்து பதினெட்டு ஆண்டுகள் ஆன என் பெயர் உனக்குத் தெரியும் என்பதை அறிவேன். ஆயினும் இது கோப்பில் சேரும் கடிதம்.

உன் குரல் செய்தியை உன் அக்காள் சந்தியா மூன்று முறை போட்டுக் காட்டினாள். “மாமா, மில்லுல அந்த டங்கு டங்கு சத்தம் வேணும்” என்பது விண்ணப்பம் ஆகாது. ஆலை தொடர்பான எதையும் நான் எழுத்தில் மட்டுமே ஏற்பது வழக்கம். எந்த இயந்திரம், எத்தனை நிமிடம், எதன்பொருட்டு என்று விவரமாக எழுது.

இங்கு யாவரும் சுகம். சந்தியாவின் முழங்கால் வலி மட்டும் மாடிப்படியைக் கண்டால் திரும்பி வருகிறது. நீ படத்தில் மெலிந்து தெரிவதாக அவள் கவலைப்படுகிறாள். உடம்பு எப்படி இருக்கிறது என்பதையும் மேற்படி விவரங்களோடு சேர்த்து எழுதுக.

அன்புடன்,
செந்தமிழன்

*

போசரி, புனே
12 ஜூன் 2024

மாண்புமிகு மேலாளர் மாமாவுக்கு,

மைத்துனன் எழுதும் விண்ணப்பம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. அக்காவிடம் சொல்லுங்கள், மெலியவில்லை, சவரம் செய்திருக்கிறேன்.

எதன்பொருட்டு என்று கேட்டீர்கள். பதினாறு வருடமாக யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை, “ஏன்டா இப்படி?” என்றுதான் கேட்டிருக்கிறார்கள். ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் மிஷின் முன்னால் நின்றேன் அல்லவா, இரண்டாம் ஷிஃப்டில்? நாலு மிஷினும் தனித்தனியாக அடிக்கும். ஏதோ ஒரு நிமிடத்தில் நாலும் சேர்ந்து விழும். அதைக் கேட்க எனக்குச் சம்பளம் வேறு கொடுத்தார்கள். அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து கிதாரோடு சேர்த்ததில்தான் ‘இரண்டாம் ஷிஃப்ட்’ என்ற எங்கள் இசைக்குழு பிறந்தது. இதை இண்டஸ்ட்ரியல் ராக் என்பார்கள். பிறகு மற்றவர்களின் ஆல்பங்களையும் தயாரித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். நீங்கள்கூடச் சென்னையில் ஒரு கச்சேரிக்குக் காதில் பஞ்சோடு வந்தீர்கள். முடிந்ததும், “தீயணைப்பு உருளை காலாவதியாகிவிட்டது, அரங்க நிர்வாகியிடம் சொல்லிவிட்டேன்” என்றீர்கள். அதுதான் எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம்.

இப்போது ஏழு வருடத்துக்குப் பின் என் சொந்த ஆல்பம். ஜெர்மனியில் ஒரு கம்பெனி வெளியிட ஒப்புக்கொண்டிருக்கிறது. அதன் கடைசிப் பாட்டு முழுவதும் உங்கள் ஆலையின் சத்தத்தின் மேல் நிற்கிறது. பொங்கலுக்கு வந்தபோது வாசலில் நின்று ஃபோனில் பிடித்தது, பதினோரு வினாடி. டங், டங், டங் என்று வந்து நடுவில் ஒரு அடி விடுபடும். அந்த விடுபட்ட இடத்தில்தான் மாமா என் பாட்டு இருக்கிறது. எனக்கு இருபது நிமிடம் வேண்டும். நெல் ஏற்றும் எலிவேட்டர் பக்கம் என்று நினைக்கிறேன். கருவியைத் தபாலில் அனுப்புகிறேன், சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போதும்.

பணிவுடன் (நிஜமாகவே),
ஸ்ரீகாந்த்

*

உத்திரமேரூர்
1 ஜூலை 2024

அன்பு ஸ்ரீகாந்துக்கு,

இவ்விடம் எல்லோரும் நலம். நீ மெலியவில்லை என்பதைச் சந்தியா நம்பவில்லை. எள்ளுருண்டை தனிப் பொட்டலமாக வருகிறது.

உன் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. இருபது நிமிட ஒலிப்பதிவு இத்துடன் உள்ள பென்டிரைவில் இருக்கிறது. வெளிநாட்டார் கேட்கப்போகும் ஒலி என்பதால் எலிவேட்டரை அதே நிலையில் பதிவு செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டுக்கு விருந்தினர் வரும்போது நாம் கிழிந்த பாயை விரிப்பதில்லை. ஆகவே ஒருநாள் ஆலையை நிறுத்தி, இயந்திரங்களை இயக்கும் பச்சமுத்துவைக் கொண்டு முழுப் பராமரிப்பு செய்தேன். எலிவேட்டர் என்பது, தரையிலுள்ள குழியிலிருந்து நெல்லை அள்ளி மேலே கொண்டுசெல்லும் வாளிகள் கோத்த பட்டை. அதில் மூன்று வாளிகள் கழன்று விழுந்திருந்தன, புதியவை பொருத்தப்பட்டன. பேரிங்குகளுக்கு மசகு இடப்பட்டது. நெல் இறங்கும் குழாய்க்குள் அனுமதியின்றி யாரோ கம்பியில் தொங்கவிட்டிருந்த ஒரு தகர மூடியும் அகற்றப்பட்டு, கழிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இப்போது இயந்திரம் எவ்வளவு சீராக ஓடுகிறது என்பதை நீயே கேட்டு மகிழலாம். உன்னால் ஆலைக்கும் நன்மை விளைந்தது.

உன் உயர்வை விரும்பும்,
செந்தமிழன்

*

புனே
10 ஜூலை 2024

அன்பு மாமா,

நலம். எள்ளுருண்டை வந்தது. பதிவும் வந்தது. மிகவும் சுத்தமாக இருக்கிறது.

இவ்வளவு சிரமம் எடுத்துக்கொண்டதற்கு நன்றி. அக்காவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

ஸ்ரீகாந்த்

*

உத்திரமேரூர்
29 ஜூலை 2024

அன்பு ஸ்ரீகாந்துக்கு,

இங்கு அனைவரும் சுகம். சந்தியாவின் முழங்காலுக்கு மருத்துவர் ஒரு தைலம் எழுதித் தந்தார். வீடு முழுவதும் அதன் மணம்.

உன் கடிதம் ஐந்து வரிகளில் முடிந்தது. மேலும் பேசுவதற்கு ஒன்றுமில்லை என்று கொள்ளலாம். அல்லது பேச விரும்பவில்லை என்றும் கொள்ளலாம். எதுவென்று தெரிவி.

ஆலையில் எனக்கும் ஒரு புதிர். நெல்லின் உமியை நீக்கும் ரப்பர் உருளைகள் வழக்கமாக உழைக்கும் காலத்தில் பாதிகூட நிற்கவில்லை. நெல் இல்லாமல் ஓடினால் அவை ஒன்றோடொன்று உரசித் தேயும். ஆனால் குழியில் நெல் எப்போதும் இருக்கிறது என்றே களத்தில் வேலை செய்யும் பெண்கள் சொல்கிறார்கள். பராமரிப்புக்குப் பின் இயந்திரம் கெட்டுப்போவது எந்த நூலிலும் இல்லாதது.

பதிலை எதிர்நோக்கும்,
செந்தமிழன்

*

உத்திரமேரூர்
31 ஆகஸ்ட் 2024

அன்பு ஸ்ரீகாந்துக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று எழுதிவிட்டுத் தொடங்க இம்முறை எனக்குத் துணிவில்லை. என் கடிதம் போய் முப்பத்து மூன்று நாட்கள் ஆகின்றன.

ஜூலையில் வந்த உறையை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அனுப்புநர் முகவரியில் பின்கோட்டின் கடைசி இரண்டு எண்கள் மாறியிருந்தன. கதவெண்ணுக்கு முன்னால் வேறொருவர் பெயரும் அவர் வழியாக என்ற குறிப்பும் உள்ளன. அப்படியானால் நீ போசரி ஒலிப்பதிவுக் கூடத்தில் இல்லை. இதைச் சந்தியாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் அறிந்தால் நாளைக் காலையே புனேவுக்கு ரயில் ஏறிவிடுவாள்.

உன் பொங்கல் பதிவு அவளது ஃபோனில் இருந்தது. அதையும் நான் அனுப்பியதையும் அடுத்தடுத்துக் கேட்டேன். என்னுடையதில் நீ கேட்ட எதுவுமே இல்லை. நீ கேட்டது பழுதை. நான் அனுப்பியது பழுது நீக்கிய இயந்திரத்தை. தவறு என்னுடையது. அதன் அளவு எவ்வளவு என்பதை மட்டும் மறைக்காமல் எழுது.

செந்தமிழன்

*

புனே
9 செப்டம்பர் 2024

மாமா,

நலம்தான். காய்ச்சல் ஒன்றும் இல்லை. பின்கோடைப் பார்த்து ஆளைப் பிடிக்கும் மனிதரை என் அக்கா எங்கே தேடினாள்?

அளவு சொல்கிறேன். ஆல்பத்தை நவம்பர் 15க்குள் தர வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் இல்லை. குழுவில் மற்ற மூன்று பேரும் வேலைக்குப் போய்விட்டார்கள். கூடத்தைக் காலி செய்துவிட்டேன், நண்பன் வீட்டில் இருக்கிறேன். ஒரு விளம்பரக் கம்பெனியில் கூப்பிடுகிறார்கள். வங்கிக்கு ஃபோன் செய்தால் “காத்திருக்கவும்” என்று சொல்லி ஒரு புல்லாங்குழல் வரும் பாருங்கள், அதை உருவாக்கும் வேலை. டிசம்பர் ஒன்றாம் தேதி சேரச் சொல்கிறார்கள். சேர்ந்தால் இந்த ஆல்பத்தோடு என் கதை முடிந்தது.

பதினோரு வினாடியை வெட்டி ஒட்டி நாலு நிமிடப் பாட்டாக இழுத்துவிட்டேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாட்டுக்கு முடிவு கிடைக்கவில்லை மாமா. முப்பத்தொரு விதமாக முடித்துப் பார்த்தேன். மெதுவாகத் தேய விட்டால் பஸ் தூரமாகப் போகிற மாதிரி இருக்கிறது. சட்டென்று நிறுத்தினால் கரண்ட் போன மாதிரி இருக்கிறது.

நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. அதனால்தான் எழுதக் கை வரவில்லை. அக்காவுக்குச் சொல்லாதீர்கள்.

ஸ்ரீகாந்த்

*

உத்திரமேரூர்
23 செப்டம்பர் 2024

அன்பு ஸ்ரீகாந்துக்கு,

சுகம். சந்தியாவிடம் சொல்லிவிட்டேன், அவளிடம் எதையும் மறைப்பதில்லை என்பது என் விதிகளுள் முதலாவது. ரயில் ஏறாமல் தடுக்க, இங்கு உன் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று உறுதி கூறியிருக்கிறேன். ஆகவே நடத்தியாக வேண்டும்.

விசாரணை நடத்தினேன். களத்தில் நெல் காயவைக்கும் பெண்களுள் மூத்தவர் பாஞ்சாலி. தினமும் சாலவாக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருபவர். இருபத்திரண்டு ஆண்டுகள் பணியில் இருக்கிறார். அவர் கூறியதை அவர் சொற்களிலேயே எழுதிக்கொண்டேன்:

“தகரமா? நான்தான் சார் கட்டினேன். நீங்க இந்த மில்லுக்கு வர்றதுக்கு முன்னாடியே கட்டினேன். களத்துல நெல்லத் தொழாவிக்கினு இருக்கறப்ப குழியில நெல்லு கீதா இல்லியான்னு எப்டித் தெரியும்? நெல்லு ரொம்ப வந்தா தகரத்த அமுக்கிக்கினு போவும், சத்தமே வராது. கொறைஞ்சா ஒவ்வொரு வாளியா வந்து டங்கு டங்குன்னு மோதும். அது கேட்டா ஓடிப்போயி கொட்டுவோம். இப்ப நீங்க கழட்டிட்டீங்க. குழியில நெல்லு கீதான்னு கேட்டா, கீதுன்னு ஒரு நம்பிக்கையில சொல்லிக்கினு கீறோம்.”

“இதை ஏன் என்னிடம் முன்பே கூறவில்லை?” என்று கேட்டேன்.

“நீங்க இன்னா கேட்டீங்க? ‘அனுமதியில்லாம யாரு தொங்கவிட்டது’ன்னு கேட்டீங்க. அதுக்கு யாருனா கைய தூக்குவாங்களா?”

உருளைகள் தேய்ந்த காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. கேள்வியைத் தவறாகக் கேட்டவன் நான். தகர மூடி எங்கே என்றேன். கழிவுக் குவியலிலிருந்து எடுத்துத் தம் தண்ணீர்க் குடத்தை மூடி வைத்திருக்கிறாராம். “குடத்துக்கும் நல்லாதான் கீது” என்றார்.

நீ செய்துள்ள பாட்டை உடனே அனுப்பு. அதற்கு எது தேவை என்பதை இங்கே நெல்லைப் பற்றி அறிந்தவர்கள் கேட்டுச் சொல்லட்டும்.

நம்பிக்கையுடன்,
செந்தமிழன்

*

புனே
2 அக்டோபர் 2024

அன்பு மாமா,

நலம். நேற்று அக்கா ஃபோனில் நாற்பது நிமிடம் திட்டினாள். பல மாதத்துக்குப் பின் நன்றாகத் தூங்கினேன்.

எங்கேயோ ஒரு மிஷின் தானாகப் பாடியது, நான் பிடித்துவிட்டேன் என்று பெருமையாக நினைத்திருந்தேன். ஒருவர் யோசித்துக் கட்டிய கருவி என்று இப்போது தெரிகிறது. பதினாறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கட்டியவர் யார் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

பாட்டு அக்காவின் ஃபோனுக்கு வந்திருக்கும். பெரிய ஒலிபெருக்கியில் போடுங்கள். அவரிடம் சொல்லுங்கள், பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே சொல்லலாம். முடிவு மட்டும் இல்லை, மன்னிக்கவும்.

ஸ்ரீகாந்த்

*

உத்திரமேரூர்
19 அக்டோபர் 2024

அன்பு ஸ்ரீகாந்துக்கு,

யாவரும் சுகம். நடந்ததை வரிசை மாறாமல் எழுதுகிறேன்.

11ஆம் தேதி ஆயுத பூஜை. இயந்திரங்கள் எல்லாம் நிறுத்தப்பட்டு, சந்தனமும் மாலையும் இட்டு, பொரி வழங்கப்பட்டுக்கொண்டிருந்தது. சாமி பாட்டுக்காகக் கொண்டுவந்த ஒலிபெருக்கியில், முதலாளி கிருஷ்ணசாமி அவர்களின் இசைவுடன் உன் பாட்டைப் போட்டேன். முதல் அரை நிமிடம் அனைவரும் மரியாதையுடன் நின்றனர். பிறகு உன் டங், டங் தொடங்கியது.

பாஞ்சாலி கையிலிருந்த பொரியைப் போட்டுவிட்டு ஓடினார். மற்ற நான்கு பெண்களும் பின்னால் ஓடினர். ஒருவர் கூடையுடன் குழிக்குள் பாதி இறங்கிய பிறகே, மாலை போட்ட எலிவேட்டர் அசையாமல் நிற்பதைக் கவனித்தார்கள். பச்சமுத்து தரையில் உட்கார்ந்து சிரித்தார். “அக்கா, அது பாட்டுக்கா!” என்றார்.

“பாட்டுன்னா இன்னா, சத்தம் வந்தா சத்தம்தான்,” என்றார் பாஞ்சாலி, மூச்சு வாங்க. “திரும்பப் போடுங்க சார். ஓடாம கேக்கறேன்.”

இரண்டாம் முறை முழுவதும் நின்று கேட்டார். கால் மட்டும் நிற்கவில்லை. முடிந்ததும் கூறினார்:

“நல்லாதான் கீது. வயித்துல வந்து இடிக்குது. ஆனா கடசி வரைக்கும் தட்டிக்கினே கீது சார், ஒருத்தருமே போயி நெல்லக் கொட்டல. அந்த மிஷினு இன்னா பாவம் பண்ணிச்சு? கொட்டினா அதுவா அடங்கும்.”

ஸ்ரீகாந்த், உனக்கு இசை தெரியும், எனக்குத் தெரியாது. ஆனால் உன் முப்பத்தொரு முடிவுகளிலும் இது இல்லை என்றே எண்ணுகிறேன்.

புதிதாகப் பொருத்திய மூன்று வாளிகளையும் கழற்ற முதலாளியிடம் எழுத்து மூலம் அனுமதி கேட்டேன். அவர் கடிதத்தை இருமுறை படித்தார். “இன்னா மேனேஜரே, இத்தினி வருசமா ரிப்பேர் பண்ணணும்னு லெட்டர் குடுத்தே. இப்ப ரிப்பேர் ஆக்கணும்னு குடுக்கறே. வூட்ல எல்லாம் சௌக்கியம்தானே?” என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டார்.

16ஆம் தேதி பாஞ்சாலி தம் கையாலேயே தகரத்தைக் கட்டினார். குழியில் நெல் குறையும் வரை யாரையும் கொட்ட விடவில்லை. தகரம் முழுதாக ஒலித்தது. கழற்றிய வாளிகளின் இடத்தில் விடுபடலும் வந்தது. பிறகு ஐந்து பெண்களும் கூடை கூடையாகக் கொட்டினார்கள். அடி ஒவ்வொன்றாக நெல்லுக்குள் அமுங்கி, இறுதியில் மழை போன்ற இரைச்சல் மட்டும் நின்றது. சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்த நான் மறந்துவிட்டேன். ஆதலால் இருபது நிமிடத்துக்குப் பதில் முப்பத்தேழு நிமிடம் பதிவாகியுள்ளது.

வாளிகளை மறுநாளே மீண்டும் பொருத்திவிட்டேன். தகரத்தைக் கழற்றவில்லை. அது ஆலையின் அங்கீகரிக்கப்பட்ட உறுப்பு என்று எழுதிக் கையொப்பமிட்டுள்ளேன். பாஞ்சாலிக்குக் குடம் மூட வேறொரு மூடி வாங்கித் தரப்பட்டது.

ஒரு நிபந்தனை: ஆல்பத்தில் ஒலிப்பதிவு என்று என் பெயரை இடாதே. தகரம் என்று எழுதி, பாஞ்சாலி, சாலவாக்கம் என்று இடு. மற்ற நால்வரின் பெயர்ப் பட்டியல் பின்புறம் உள்ளது.

செந்தமிழன்

*

புனே
20 நவம்பர் 2024

அன்பு மாமா, அக்கா,

நலம், நலம், நலம்!

பதிவைக் கேட்ட அன்று எழுந்து நின்றுவிட்டேன். நெல் விழ விழ கிதாரும் அடங்க வேண்டும் என்று கைக்கே தெரிந்தது. இரண்டு நாளில் பாட்டு முடிந்தது. 14ஆம் தேதி, கெடுவுக்கு ஒரு நாள் முன்னால் அனுப்பிவிட்டேன் (உங்கள் காற்று பட்டுவிட்டது). கடைசிப் பாட்டைத்தான் முதலில் வெளியிடப் போகிறார்களாம். ‘குழியில் நெல் குறைகிறது’ என்று பெயர். ஐந்து பெயரும் நீங்கள் எழுதிய வரிசையிலேயே இருக்கின்றன. புல்லாங்குழல் கம்பெனிக்கு மாட்டேன் என்று எழுதிவிட்டேன்.

டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் வெளியீட்டுக் கச்சேரி. பழைய மூன்று பேரும் லீவு போட்டு வருகிறார்கள். எனக்கு மேடையில் பாஞ்சாலி அக்கா வேண்டும். கம்ப்யூட்டரிலிருந்து தகரச் சத்தத்தைப் போட முடியும். மனது வரவில்லை. அவரிடம் கேட்பீர்களா? இந்த முறை கேள்வியைச் சரியாகக் கேளுங்கள் மாமா.

ஸ்ரீகாந்த்

*

உத்திரமேரூர்
2 டிசம்பர் 2024

அன்பு ஸ்ரீகாந்துக்கு,

இங்கு எல்லோரும் சுகம். சந்தியா மூன்று நாட்களாக மாடிப்படியில் ஏறி இறங்குகிறாள், முழங்காலைப் பற்றிப் பேச்சே இல்லை.

கேட்டேன். “வர உங்களுக்கு விருப்பமா?” என்று மட்டும் கேட்டேன். பாஞ்சாலி மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் தம் நிபந்தனைகளைக் கூறினார். ஒன்று, தகரத்தை அவரைத் தவிர வேறெவரும் தொடக்கூடாது. இரண்டு, உண்மையான நெல் வேண்டும். “காசெட்டுல நெல்லு ஊத்தினா நான் வரல.” மூன்றாவது என்னைப் பற்றியது. மேடையில் நெல்லைக் கொட்ட ஒருவர் வேண்டும். அந்தப் பெண்கள் நால்வரும் முன்வரிசையில் அமர்ந்து பார்க்க விரும்புகிறார்கள். “சார் கொட்டட்டும்,” என்று தீர்ப்பாகிவிட்டது.

பச்சமுத்து ஆள் உயரத்தில் ஒரு சரிவுக் குழாயை வெல்டிங் செய்து தந்துள்ளார். மேலிருந்து நெல்லை விட்டால் அது தகரத்தில் மோதி இறங்கும். முதல் ஒத்திகை நேற்று நடந்தது. நான் உரிய கவனத்துடன், அளவு தவறாமல் ஊற்றினேன். ஆலையில் இருந்த அனைவரும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். பாஞ்சாலி குறுக்கிட்டார்:

“சார், சார்! காதுல மருந்து உடற மாதிரி துளித்துளியா ஊத்தறீங்க. இப்டி ஊத்தினா விடிஞ்சாலும் பாட்டு அடங்காது. நான் கைய தூக்கினா கொட்டிடணும். பாத்து, யோசிச்சு எல்லாம் கூடாது.”

“சிந்தினால்?” என்றேன்.

“சிந்தினா பெருக்கிக்கலாம்.”

இரவு சந்தியாவும் இதையே கூறினாள்.

ஆகவே இதனால் நான் தெரிவிப்பது: டிசம்பர் 15 காலை ஆறு மணிக்கு, முதலாளி தந்துள்ள வேனில், இரண்டு மூட்டை நெல், சரிவுக் குழாய், தகர மூடி, ஐந்து பெண்கள், பச்சமுத்து, உன் அக்காள் ஆகியோருடன் புறப்படுகிறேன். இம்முறை காதில் பஞ்சு வைக்கமாட்டேன். மேடையில் பாஞ்சாலியின் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பேன். அது உயர்ந்ததும், இரண்டு மூட்டையையும் கடைசி நெல்மணி வரை கொட்டப் போகிறேன்.

செந்தமிழன்